மெட்ரிக் படிப்பு: புத்தகத்தை மூடுங்கள், மெமோவைத் திறங்கள்

தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்குக்காகத் தினமும் நான்கு மணி நேரம் மேசையில் உட்கார்ந்தும், அதற்கு முன்னோட்டமாகப் பள்ளியில் வைக்கும் டிரையல் தேர்வில் 45 சதவீதத்தைத் தாண்டாத பிள்ளைகள் உண்டு. சோம்பலும் இல்லை, மூளைக்கும் குறைவில்லை. அந்த நான்கு மணி நேரமும் புத்தகம் திறந்தே இருந்தது என்பதுதான் பெரும்பாலும் கோளாறு. திறந்த பக்கத்தைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மனம் கற்றதாக எடுத்துக்கொள்கிறது. தேர்வு மண்டபத்தில் புத்தகம் மூடியிருக்கும். அந்த ஒரு வேலையைப் பிள்ளை வீட்டில் ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்காது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள்; எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். முதல் நாள் இரவு முழுக்கப் படித்துவிட்டு மறுநாள் எழுதும் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை நவம்பர் இறுதித் தேர்வில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுவதும், நோட்ஸை அழகான கையெழுத்தில் மறுபடி எழுதுவதும் இதே திறந்த புத்தக வகைதான். வேலை செய்த திருப்தி கிடைக்கும். கை வலிக்கும். அவ்வளவே.

வெற்றுத்தாள் முறை

ஒரு பாடப் பகுதியை எடுங்கள். முழு அத்தியாயம் வேண்டாம். நான்கைந்து பக்கம் போதும். 25 நிமிடம் புரிந்து படியுங்கள். புத்தகத்தை மூடி வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றில் 10 நிமிடம் நினைவுக்கு வருவதையெல்லாம் நீல மையில் எழுதுங்கள்: தலைப்புகள், வரையறைகள், படம், வாய்ப்பாடு, எது எதனால் நடக்கிறது என்ற தொடர். வாக்கியம் அழகாக இருக்கத் தேவையில்லை. பிறகு புத்தகத்தைக் கொண்டுவந்து, விட்டதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் அதே தாளில் சேருங்கள். தாளின் மேல் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.

அந்தச் சிவப்பு எழுத்துதான் அடுத்த தடவைக்கான பாடம். மறுநாள் இன்னொரு வெற்றுத்தாளில் அதே பகுதியை எழுதுங்கள், இம்முறை முதலில் படிக்காமலே. அதற்குப் பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைய வேண்டும். குறையாமல் ஒரே இடத்தில் சிவப்பு மூன்று தடவை வந்தால் அது மறதி அல்ல, புரியாமை. திரும்பத் திரும்ப எழுதிப் பயனில்லை. ஆசிரியரிடமோ தெரிந்த அண்ணன் அக்காவிடமோ போய்க் கேட்க வேண்டிய இடம் அது.

இதில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு, முதல் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக வந்ததும் பயந்து விட்டுவிடுவது. முதல் தடவை அப்படித்தான் வரும். நினைவுக்கு வராமல் இரண்டு நிமிடம் திணறுகிறீர்களே, அந்தத் திணறலில்தான் வேலை நடக்கிறது. திணறத் தொடங்கியதும் புத்தகத்தை எட்டிப் பார்ப்பவர்கள் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டு எளிதானதை மட்டும் செய்கிறார்கள்.

வரையறைக்கு அட்டை

ஃபிசிக்கல் சயன்ஸில் வரையறைக் கேள்விகள் இரண்டு மதிப்பெண் வீதம் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கல்வித் துறை வெளியிடும் தேர்வு வழிகாட்டியில் உள்ளபடியே எழுத வேண்டும். மெமோவில், அதாவது விடைகளும் மதிப்பெண் பங்கீடும் உள்ள திருத்தும் வழிகாட்டியில், முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடு இருக்கும். அவற்றில் ஒன்று விட்டால் ஒரு மதிப்பெண் போகும். நியூட்டனின் இரண்டாம் விதியில் ‘நெட்’ அல்லது ‘ரிசல்டன்ட்’ என்ற சொல் இல்லாமல் வெறும் ‘ஃபோர்ஸ்’ என்று எழுதுவதும், உந்த அழியாமை விதியில் ‘ஐசொலேட்டட் சிஸ்டம்’ என்பதை விடுவதும் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிற இழப்புகள். லைஃப் சயன்ஸில் சரியான உயிரியல் சொல்லைக் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள் உண்டு. அங்கே எழுத்துப்பிழை ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் பிழையால் வேறொரு உயிரியல் சொல்லாக மாறினால் மதிப்பெண் இல்லை. மயோசிஸ், மைட்டோசிஸ் இரண்டுக்கும் நடுவில் எதையோ எழுதிவைத்தால் யாரும் உங்கள் மனதைப் படிக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் அட்டைகள் சரியான கருவி. தபால் அட்டை அளவில் வெட்டிய கெட்டித் தாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் வழிகாட்டியில் உள்ள அதே வரையறை, முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடு. ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. ஒரே அட்டையில் ஐந்து விஷயம் எழுதினால் மூன்று தெரியும், இரண்டு தெரியாது. அதைச் சரி என்று வைப்பதா தவறு என்று வைப்பதா என்ற குழப்பம் வரும்.

பழைய காலணிப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1970களில் பரப்பிய முறை இது. முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். தயவு தாட்சண்யம் கிடையாது.

ஒரு நாளைக்குப் புதிய அட்டை பத்துக்கு மேல் வேண்டாம். கணக்கு எளிது. பத்து சேர்த்தால் சில வாரங்களில் ஒரு நாளில் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய ஐம்பதாகும்; அட்டைக்கு 15 வினாடி என்றால் 12, 13 நிமிடம். பேருந்திலேயே முடித்துவிடலாம். ஆர்வத்தில் முப்பது சேர்த்தால் நூற்றைம்பது அட்டை சேரும், பத்து நாளில் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும்.

தமிழில் புரிந்து, ஆங்கிலத்தில் எழுது

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, பலர் அதைப் பாரமாக நினைக்கிறார்கள். புத்தக வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பவரிடம் “இதையே தமிழில் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். புரிந்திருந்தால் சொல்வார். புரியாமல் மனப்பாடம் செய்திருந்தால் வாய் நின்றுவிடும். சோதனைக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆம்புலன்ஸ் நெருங்கி வரும்போது சத்தம் ஏன் கூர்மையாகக் கேட்கிறது, விலகிப் போகும்போது ஏன் தடிக்கிறது என்பதை ஆயாவுக்குப் புரியும்படி இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்ல முடிந்தால் டாப்ளர் விளைவு உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு வரையறையை ஆங்கிலத்தில் சொல் பிசகாமல் அட்டையில் பழகுங்கள். வரிசை முக்கியம்: முதலில் தமிழ் விளக்கம், பிறகு ஆங்கில வாசகம். தலைகீழாகச் செய்தால் மனப்பாடம் முந்திக்கொள்ளும்.

பெற்றோருக்குப் பாடம் தெரியாது என்பது ஒரு சாக்கு அல்ல. அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து அடிக்கோடிட்ட சொற்கள் பிள்ளையின் வாயிலிருந்து வந்தனவா என்று சரிபார்க்க ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பத்து அட்டை கேட்பது, “போய்ப் படி” என்று பத்து முறை சொல்வதைவிட மேல்.

பழைய தாள்களும் மெமோவும்

அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் அவற்றின் மதிப்பீட்டு வழிகாட்டிகளும், நாம் எல்லோரும் மெமோ என்று சொல்வது, இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய பாடத்திட்டப்படி பன்னிரண்டாம் வகுப்பு முதலில் எழுதியது 2014இல். அதற்கு முந்தைய தாள்களை எடுக்காதீர்கள். கணக்கில் அப்போது வடிவியலும் நிகழ்தகவும் தனித் தாளில் இருந்தன. 2014க்குப் பிந்தைய தாள்களிலும் இரண்டு மாற்றங்களைக் கவனியுங்கள். அக்கவுண்டிங் 2020இலிருந்து இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அதற்கு முன் 300 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். லைஃப் சயன்ஸில் 2021இலிருந்து கட்டுரைக் கேள்வி இல்லை. பழைய தாளில் கடைசிப் பகுதியாக வரும் கட்டுரையை விட்டுவிடலாம்.

தாளைச் செய்யும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கேள்வியைப் படிப்பது, கொஞ்சம் யோசிப்பது, மெமோவைப் பார்ப்பது, “ஆமாம், இதுதான் நான் நினைச்சேன்” என்று தலையாட்டுவது. மெமோவைப் பார்த்தபின் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இப்படி இருபது தாள் பார்த்தவரைவிட ஒழுங்காக ஐந்து தாள் எழுதியவர் முன்னே இருப்பார்.

ஒழுங்காக என்றால் இப்படி. ஆண்டின் முதல் பாதியில் முழுத்தாள் வேண்டாம். வகுப்பில் முடிந்த பகுதிக்கான கேள்விகளை மட்டும் பல தாள்களிலிருந்து எடுத்துச் செய்யுங்கள். ஜூன் தேர்வு முடிந்தபின் வாரம் ஒரு முழுத்தாள். கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களைத் தொடாமல் வையுங்கள். அவை செப்டம்பர், அக்டோபருக்கு. முழுத்தாள் எழுதும் நாளில் காலை 9 மணிக்கு உட்காருங்கள், உண்மைத் தேர்வு தொடங்கும் நேரம் அதுதான். பிற்பகல் தாள்கள் 2 மணிக்கு. கைப்பேசி வீட்டின் மறுமூலையில். கூடவே தரப்படும் வாய்ப்பாட்டுத் தாளை அச்செடுத்து வையுங்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தேர்வு நாளில் கண்டுபிடிக்கும் விஷயம் அல்ல. இருபடிச் சமன்பாட்டின் வாய்ப்பாடு இருக்கும். பரவளைவின் திருப்புமுனை காணும் வாய்ப்பாடு இருக்காது. மின்வெட்டு 2023இல் போலத் திரும்பினால் திரையை நம்பியிருப்பவர் மாட்டிக்கொள்வார். தாளும் மெமோவும் காகிதத்தில் இருக்கட்டும்.

நேரத்தை மதிப்பெண்ணால் அளந்து பழகுங்கள். கணக்கில் 150 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம். லைஃப் சயன்ஸில் இரண்டரை மணி நேரம், மதிப்பெண்ணுக்குச் சரியாக ஒரு நிமிடம். அக்கவுண்டிங்கில் 48 வினாடிதான். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதினைந்து நிமிடம் செலவழிப்பவர், கடைசிப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் மதிப்பெண்களைக் கூலியாகக் கொடுக்கிறார்.

முடிந்ததும் தேநீர் குடியுங்கள். பிறகு பச்சை மையில், மெமோவைக் கையில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரின் தாளைப் போலத் திருத்துங்கள். கணக்கு மெமோவில் ஒவ்வொரு வரிக்கும் டிக் எங்கே விழுகிறது என்று குறித்திருக்கும்: எது முறைக்கு, எது விடைக்கு, முந்தைய தவறைத் தொடர்ந்தாலும் சரியாகச் செய்ததற்கு எது. வடிவியலில் கூற்றுக்குத் தனி மதிப்பெண், காரணத்துக்குத் தனி. காரணம் எழுதாமல் கோணத்தை மட்டும் எழுதிப் பாதியை இழப்பவர்கள் இதைப் பார்த்தபின்தான் திருந்துவார்கள். இயற்பியல் கணக்கில் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்கு ஒன்று, எண்களைப் பதிலிட்டதற்கு ஒன்று, அலகோடு சேர்ந்த விடைக்கு ஒன்று. வாய்ப்பாடு எழுதாமல் நேரே எண்களைப் போடுபவர் அதற்கான மதிப்பெண்ணை இழப்பார். விடை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று உறுதி இல்லை என்பது கணக்குத் தாளின் தொடக்கத்தில் உள்ள அறிவுரைப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

தவறு நோட்டு

திருத்தியபின் வரும் மொத்த மதிப்பெண் அவ்வளவு முக்கியமல்ல. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதனால் போனது என்பதுதான் முக்கியம். ஒரு தனி நோட்டில் கேள்வி எண், இழந்த மதிப்பெண், காரணம் என்று எழுதுங்கள். காரணங்கள் ஐந்துக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தெரியவே தெரியாது என்றால் பாடத்துக்குத் திரும்பி வெற்றுத்தாள் முறை. தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை என்றால் அட்டை. எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று பிடிபடவில்லை என்றால், அதற்குப் பாடம் படித்துப் பயனில்லை. அதே வகைக் கேள்விகளை நான்கு தாள்களிலிருந்து எடுத்து, வேறு வகைக் கேள்விகளோடு கலந்து செய்ய வேண்டும். ஒரே வகையை வரிசையாகப் பத்து செய்தால் இரண்டாவதிலிருந்தே மூளை யோசிப்பதை நிறுத்திவிடும், முறை முன்கூட்டியே தெரியும் என்பதால். தேர்வில் தலைப்பு போட்டு வராது. கேள்வியைத் தவறாகப் படித்தேன் என்பது நான்காவது: கேட்ட அலகு, எத்தனை தசம இடம், ‘எனவே’ என்ற சொல், எத்தனை உதாரணம் என்பவற்றைப் பென்சிலால் வட்டமிடும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்துங்கள். ஐந்தாவது நேரம் போதவில்லை: அதற்கு மேலே சொன்ன மதிப்பெண்ணுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு.

“கவனக்குறைவு” என்று ஒரு காரணத்தை எழுத அனுமதிக்காதீர்கள். அது காரணம் அல்ல, மன்னிப்பு. கவனக்குறைவு என்று எழுதியதைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது மாறாத கழித்தல் குறி, ரேடியனில் கிடக்கும் கால்குலேட்டர், நடுவழியில் தசமத்தைச் சுருக்கியது என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்று இருக்கும். பெயர் வைத்தால்தான் பிடிக்க முடியும்.

மூன்று தாளுக்குப் பிறகு நோட்டைப் புரட்டுங்கள். இழந்ததில் பெரும்பங்கு இரண்டு மூன்று காரணங்களிலேயே குவிந்திருக்கும். அடுத்த இரண்டு வாரம் அவற்றுக்கு மட்டும்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக

கணக்கின் முதல் தாளில் சார்புகளும் வரைபடங்களும் சுமார் 35 மதிப்பெண், வகை நுண்கணிதம் 35, இயற்கணிதம் 25, தொடர்வரிசை 25, நிதிக் கணக்கு 15, நிகழ்தகவு 15. ஒவ்வொன்றிலும் மூன்று கூடலாம், குறையலாம். இதைச் சுவரில் ஒட்டுங்கள். நிகழ்தகவு பயமாக இருக்கிறது என்று அதிலேயே இரண்டு வாரம் உட்காருபவருக்குச் சார்புகளில் கிடக்கும் 35 கண்ணில் படுவதில்லை. கேள்விகளின் கடினமும் பங்கிடப்பட்டதுதான்: நேரடி அறிவு 20 சதவீதம், வழக்கமான செய்முறை 35, சிக்கலான செய்முறை 30, புதிதாக யோசிக்க வேண்டியது 15. முதல் இரண்டும் சேர்ந்தே 55. 40இல் இருக்கும் மாணவர் கடினமான கேள்விகளைத் தேடி ஓட வேண்டியதில்லை. எளிதானவற்றை ஒன்றுகூட விடாமல் எடுத்தால் போதும்.

இரண்டாம் தாளில் கேட்கப்படும் தேற்ற நிறுவல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மையக் கோணம் வட்டப் பரிதிக் கோணத்தின் இருமடங்கு, வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்கள், தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலான கோணம், விகிதத் தேற்றம், ஒத்த முக்கோணங்கள் போன்றவை. வாரம் ஒன்றை வெற்றுத்தாளில் படம் உட்பட எழுதிப் பாருங்கள். இவற்றை விட்டுவிட்டுப் போவது கையில் இருக்கும் பணத்தைத் தெருவில் போடுவது.

நிதிக் கணக்கில் இரண்டு பொறிகள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதந்தோறும் கூட்டு, ஐந்து ஆண்டு என்றால் வட்டி மாதத்துக்கு 1 சதவீதம், தவணைகள் 60. இதில் ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டாவது, தள்ளிப்போட்ட தவணை. கடன் வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் முதல் தவணை என்றால், கடன் வட்டியோடு வளர வேண்டியது ஐந்து மாதம், ஆறு அல்ல. ஏனென்றால் நிகழ் மதிப்பு வாய்ப்பாடு தருவது முதல் தவணைக்கு ஒரு மாதம் முந்தைய மதிப்பு. நேரக்கோடு வரையாமல் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். வட்டியைத் தசமத்தில் சுருக்காமல் கால்குலேட்டரின் நினைவில் வைத்தே கடைசி வரி வரை போங்கள். சுருக்குவது கடைசியில், இரண்டு தசமத்துக்கு. வர்க்கமூலச் சமன்பாட்டை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் பொய்யான விடை ஒன்று உள்ளே புகுந்துவிடும். மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்துத் தள்ள வேண்டியதைத் தள்ளுங்கள். தள்ளியதைத் தாளிலும் காட்டுங்கள்.

கால்குலேட்டர் நிரல் எழுத முடியாத, வரைபடம் காட்டாத சாதாரண அறிவியல் வகைதான் அனுமதி. ஆண்டு முழுக்க ஒன்றையே பயன்படுத்துங்கள். தேர்வு வாரத்தில் அண்ணனுடையதை இரவல் வாங்கி, சராசரி காணும் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பது வீண் வேதனை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஹோம் லாங்குவேஜ், அதாவது முதல் மொழி நிலை ஆங்கிலத்தின், முதல் தாளில் வரும் சுருக்கம் பத்து மதிப்பெண். ஏழு கருத்து, 90 சொல்லுக்குள். வாரம் ஒரு நாளிதழ்க் கட்டுரையை அப்படிச் சுருக்கி, சொற்களை எண்ணிக் கீழே எழுதிப் பழகினால் எளிதில் கிடைக்கும் பத்து.

நாட்காட்டி

பள்ளி மதிப்பீடு இறுதி மதிப்பெண்ணில் பெரும்பாலான பாடங்களுக்கு 25 சதவீதம். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது. வார நாளில் பள்ளி முடிந்தபின் 40 நிமிட அமர்வு இரண்டு, நடுவில் 10 நிமிட இடைவெளி, அட்டைக்கு 15 நிமிடம்: இது நிலைக்கும். நான்கு மணி நேரம் என்று எழுதிவைத்த அட்டவணை இரண்டாவது வாரத்தில் கிழியும். ஒரே மாலையில் இரண்டு வெவ்வேறு பாடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளின் நாட்காட்டியையும் அட்டவணையில் சேர்த்தே போட வேண்டும். டிரையல் தேர்வுகள் வரும் செப்டம்பரில்தான் புரட்டாசியும் வருகிறது. சனிக்கிழமை விரதமும் பூஜையும் இருக்கும் வீட்டில் முழுத்தாளைச் சனிக்கிழமை காலை வைத்தால் வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் எழுத வேண்டிவரும். மதிப்பெண் குறைந்தால் அது பாடத்தின் அளவா பசியின் அளவா என்று தெரியாது. ஞாயிறுக்கு மாற்றுங்கள். தீபாவளி அனேகமாக இறுதித் தேர்வுக்குள்ளேயே விழும்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. இந்நாட்டில் அது பொது விடுமுறை அல்ல. கால அட்டவணை வந்தவுடன் தீபாவளிக்கு மறுநாள் என்ன தாள் என்று பாருங்கள். கனமான தாள் என்றால் பலகாரம் செய்யும் வேலை, விருந்தாளிகள் வருகை எல்லாவற்றையும் அதற்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது பற்றி இரண்டு மாதம் முன்பே வீட்டில் பேசிவிடலாம். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860இல் ட்ரூரோ கப்பல் டர்பன் வந்த நவம்பர் 16ஐ நினைவுகூரும் நிகழ்ச்சிகளுக்கும் மெட்ரிக் பிள்ளையை ஆடவோ பாடவோ கூப்பிடாதீர்கள். அடுத்த ஆண்டு ஆடட்டும், கப்பல் கோபித்துக்கொள்ளாது. கல்யாணம், கருமாதி என்று வார இறுதிகள் போவதும் உண்டு. அட்டைப்பெட்டி கூடவே போகலாம், முழுத்தாள் போக முடியாது. ஆகவே அத்தகைய வாரத்தில் முழுத்தாளை விட்டுவிட்டு அட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டாகப் படிப்பது ஒரே ஒரு வடிவத்தில்தான் பயன் தரும்: ஒருவர் மெமோவை வைத்துக் கேட்க, மற்றவர்கள் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுவது. நான்கு பேர் ஒரு மெமோவைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது கூட்டுத் தூக்கம்.

டிரையல் முடிந்ததும்

டிரையல் தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து அழுவதோ சிரிப்பதோ ஒரு நாள் போதும். மறுநாள் தவறு நோட்டில் அதை ஏற்றுங்கள். இறுதித் தேர்வுக்கு இடையே இருக்கும் சில வாரங்களில் புதிய கைடு, புதிய டியூஷன், புதிய காணொளி எதுவும் வேண்டாம். நோட்டில் முதலிடம் பிடித்த மூன்று காரணங்கள், ஒதுக்கிவைத்த இரண்டு ஆண்டுத் தாள்கள், அட்டைப்பெட்டி. தேர்வுக்கு முந்தைய இரவு சிவப்பு மையில் எழுதியவற்றை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு நேரத்தோடு படுங்கள். தூக்கமில்லாமல் படித்த இரண்டு அத்தியாயம், தெரிந்த பத்து அத்தியாயத்தையும் மங்கவைத்துவிடும்.

காலையில் அடையாள ஆவணம், தேர்வு அனுமதிக் கடிதம், இரண்டு பேனா, பென்சில், அளவுகோல், டிகிரியில் இருக்கிறதா என்று சரிபார்த்த கால்குலேட்டர். எழுதத் தொடங்குமுன் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் விடையை யோசிக்காதீர்கள். எந்தக் கேள்விகள் உடனே முடியும், எவை கடைசிக்கு என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நண்பர்களோடு விடைகளை ஒப்பிடாமல் வீட்டுக்குப் போங்கள். அடுத்த தாள் நாளை மறுநாள் காலை 9 மணிக்கு.